கழுகிறகு ஏந்திய மரபும் காணாமற்போன பாறும்

சென்னை மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டி, நேமிநாத தீர்த்தங்கரருக்கு ஓர் ஆலயம் இருந்தது என்பதும், கடல் உட்புகுந்த காலத்தில் அப்பெருமானின் திருவுருவம் அங்கிருந்து அகற்றப்பெற்று இறுதியில் மேல்சித்தாமூரில் எழுந்தருளுவிக்கப்பட்டது என்பதும் தமிழ்ச் சமணர் வழிவழியாகப் போற்றிவரும் செய்திகள். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டதும், அவிரோதி நாதர் திருநூற்றந்தாதி பாடியதும் அந்த மயிலைப் பெருமானை நினைந்தே ஆகும்.

நேமிநாதரின் வரலாற்றை அறியாத சமணக் குழந்தை இராது. மணவிழாவுக்காகத் தேரேறிச் சென்ற இளவரசர், விருந்துக்கென அடைத்து வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டார். தேரைத் திருப்பச் சொன்னார். மணக்கோலத்தைக் களைந்து ஊர்ஜயந்த மலை ஏறினார். குஜராத் மாநிலம் ஜூனாகத் நகருக்கு அருகில் இன்று கிரிநார் என வழங்கும் மலை அதுவே. அங்கு யாத்திரை சென்று திரும்பியோர் ஆயிரக்கணக்கான படிகளையும் சிகரத்துக் காற்றையும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிகளுக்கு அப்பால், மனிதர் எட்டமுடியாத செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் கூடு கட்டி வாழும் ஒரு பெரும்பறவையைக் கவனித்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். தமிழில் அதன் பழம்பெயர் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று இன்று அழைக்கப்படுவதும் அதுவே.

கடந்த முப்பது ஆண்டுகளில் இந்திய வானிலிருந்து இப்பறவை ஏறத்தாழ முற்றிலுமாக மறைந்துவிட்டது. வேட்டையாடுவோரின் அம்பினாலோ துப்பாக்கியினாலோ நேர்ந்த அழிவு அன்று அது. நோயுற்ற பசுவின் வலியைத் தணிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் விளைந்தது. ஆதலால் இவ்வரலாறு, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமூகம் தனக்கே உரியதாக எண்ணிப் படிக்கத்தக்கது.

சமண மரபில் கழுகு

தத்துவார்த்த சூத்திரத்தை அருளிய உமாஸ்வாமி ஆசாரியருக்குக் கிருத்ரபிஞ்சர் என்றொரு பெயர் உண்டு. கிருத்ரம் என்பது கழுகு. பிஞ்சம் என்பது இறகுக் கற்றை. திகம்பர முனிவர் மயிற்பீலியைக் கையில் ஏந்துவது, அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள சிற்றுயிர்களைத் துன்புறுத்தாமல் விலக்குதற்கே என்பதை அனைவரும் அறிவர். மயிற்பீலி கிடைக்காத ஒரு வேளையில் கழுகின் இறகைக் கொண்டு அந்த அறத்தை ஆசாரியர் காத்தார் என மரபு கூறும். சிரவணபெளகொளக் கல்வெட்டுகளிலும் அப்பெயர் இடம்பெற்றுள்ளது. பொன்னூர் மலையோடு தமிழ்ச் சமணர் இணைத்துப் போற்றும் குந்தகுந்த ஆசாரியருக்கும் அப்பெயரை உரியதாக்குவோர் உண்டு. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நிலையை எடுத்துரைத்த ஒரு நூலின் ஆசிரியர், கழுகிறகால் பெயர் பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

சமண இராமகாதையிலும் கழுகுக்கு உயர்ந்த இடம் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் இரவிசேனர் இயற்றிய பத்மபுராணத்தில், தண்டகாரணியத்தில் இராமனும் சீதையும் இரு முனிவர்களுக்கு ஆகார தானம் அளிக்கும்போது, அதனைக் கண்ட ஒரு கழுகு தன் முற்பிறவியை நினைவுகூர்கிறது. முன்னொரு பிறவியில் முனிவர்களுக்குக் கொடுமை இழைத்த தண்டக மன்னனே அது. மனம் நொந்து முனிவரின் பாதம் கழுவிய நீரில் விழ, அதன் உடல் பொன்னொளி பெறுகிறது. அணுவிரதங்களை ஏற்றுச் சிராவகனாக வாழும் அப்பறவைக்கே ஜடாயு எனப் பெயரிடுகின்றனர். இராவணனால் வீழ்த்தப்பட்டு உயிர் துறக்கும் வேளையில் இராமன் அதன் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதுகிறான்; ஜடாயு தேவகதி அடைகிறது. விரதம் பூண்ட இல்லறத்தாரின் வரிசையில் ஒரு கழுகையும் வைத்துப் போற்றிய மரபு இது.

தமிழ் மண்ணிலோ, தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையின் பெயரிலேயே அப்பறவை அமர்ந்திருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலமான 8ஆம் நூற்றாண்டு முதலாக அம்மலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின் கீழே அவற்றைச் செய்வித்த ஆசிரியர், மாணாக்கர், குரத்தியர் பெயர்களைச் சுமந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் தமிழ்ச் சமண வரலாற்றின் பெருஞ்செல்வம்.

பாறு என்னும் பறவை

சங்கப் பாடல்களில் பாறு, எருவை, பருந்து என்னும் பெயர்கள் தனித்தனியே ஆளப்படுகின்றன. போர்க்களத்தைப் பாடிய புலவர்கள் இப்பறவைகளை வேறுபடுத்தி அறிந்திருந்தனர். பிற்காலத்தில் கழுகு என்ற பொதுப்பெயரே நிலைத்து, பிணந்தின்னி என்ற இழிவான அடைமொழியும் சேர்ந்துகொண்டது.

இந்தியாவில் ஒன்பது வகைப் பாறுகள் உள்ளன. அவற்றுள் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் வாழ்பவை. முதல் மூன்றும் அழிவின் விளிம்பில் உள்ளவை என்றும், மஞ்சள்முகப் பாறு அழிவை எதிர்நோக்கியுள்ளது என்றும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது.

வெண்முதுகுப் பாறு விரித்த சிறகோடு ஏறத்தாழ 2 மீட்டர் அகலம் கொண்டது. வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் மிதந்து, சிறகடிக்காமலே நெடுந்தொலைவு வட்டமிடும். அதன் உணவு இறந்த விலங்கின் உடல் மட்டுமே. பருந்தைப் போலப் பற்றிக் கொல்லும் வலிமை அதன் கால்நகங்களுக்கு இல்லை. புலாலை உண்டாலும் உயிரைப் பறித்து வாழாத பறவை அது. இறந்த மாட்டின் உடலை ஒரு பெருங்கூட்டம் அரை மணி நேரத்திற்குள் எலும்புக்கூடாக்கிவிடும். அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய உடலில் உள்ள நோய்க்கிருமிகள் பலவும் அங்கேயே அழிந்துபோகும். ஊர்ப்புறத்தைத் தூய்மையாக வைத்திருந்த இந்தப் பணிக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை.

இனப்பெருக்கத்தில் இது மிகவும் மெதுவான பறவை. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே, இருக்கும் பறவைகள் நீண்டநாள் வாழ்ந்தால்தான் இனம் நிலைக்கும். முதிர்ந்த பறவைகள் சில கூடுதலாக இறந்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் தேவைப்படும்.

திருக்கழுக்குன்றத்துப் பட்சிகள்

சென்னைக்குத் தெற்கே 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருக்கழுக்குன்றம், இப்பறவைக்கும் மனிதருக்கும் இருந்த உறவின் நெடுநாள் சான்று. பட்சி தீர்த்தம் என்ற பெயரும் அவ்வூருக்கு உண்டு. வேதகிரி மலையின் மேல் ஒவ்வொரு நாளும் நண்பகலை ஒட்டி அர்ச்சகர் ஒருவர் பாறையில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கல் வைத்து அழைப்பார். வானிலிருந்து இரு வெண்ணிறப் பறவைகள் இறங்கிவந்து, அவர் கையருகே நின்று உண்டு, மீண்டும் பறந்துபோகும். அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்றும், காசிக்கும் இராமேசுவரத்திற்கும் நாள்தோறும் சென்றுவருபவை என்றும் மக்கள் நம்பினர். அவை மஞ்சள்முகப் பாறுகளே என்பது பறவை நூலோர் கண்ட உண்மை. இணைபிரியாது ஒரே இடத்தைப் பற்றி வாழும் இயல்பு இவ்வினத்திற்கு உண்டு. ஓர் இணையின் காலம் முடிந்தபின் அடுத்த இணை அவ்விடத்தை மேற்கொண்டிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து பள்ளிச் சுற்றுலாவாகவும் குடும்பப் பயணமாகவும் சென்று, வெயிலில் காத்திருந்து அப்பறவைகளைக் கண்டவர்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இன்றும் பலர் உள்ளனர். 1990களின் பிற்பகுதியோடு அந்தக் காட்சி நின்றுபோயிற்று. வயது முதிர்ந்தோர் நினைவில் மட்டும் அப்பறவைகள் இறங்கிவருகின்றன; அவர்களின் பேரக்குழந்தைகளுக்கு அது ஒரு கதை.

சென்னை நகருக்கும் பறவைகளைப் பதிவுசெய்யும் நெடிய மரபு ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்றும் நூலகமாக விளங்குவது அச்சங்கமே. 1978இல் தொடங்கப்பெற்ற மதராஸ் இயற்கையாளர் சங்கத்தாரும் அடையாற்றுக் கழிமுகத்திலும் கிண்டிக் காட்டிலும் பறவைகளைக் கண்டு குறித்துவந்தனர். இத்தகைய பொறுமையான பதிவுகள் நாடெங்கும் இருந்தமையால்தான், பாறுகள் குறைந்ததை எண்ணிக்கையோடு உலகிற்குச் சொல்ல முடிந்தது.

வலி நீக்கும் மருந்து நஞ்சான வரலாறு

1980களில் வெண்முதுகுப் பாறு, உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் பெரிய ஊனுண்ணிப் பறவையாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. 1990களின் இடைப்பகுதியில் இராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் ஒரு மாறுதலைக் கண்டார். மரக்கிளைகளில் பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் அசையாமல் அமர்ந்திருந்தன. பின்னர் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து இறந்தன. காரணம் தெரியவில்லை. தொற்று நோய் என்றும் பூச்சிக்கொல்லி என்றும் பலவாறு ஐயுற்றனர். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது என்பது இதன் பொருள்.

விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. அங்கு ஆய்வு நடத்திய லிண்ட்சே ஓக்ஸும் உடனுழைத்தோரும், இறந்த பறவைகளின் சிறுநீரகம் செயலிழந்திருப்பதையும், உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருப்பதையும் கண்டனர். காரணம் டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து என்பதை 2004இல் வெளியிட்டனர்.

மனிதர் மூட்டுவலிக்கு உட்கொள்ளும் அதே மருந்துதான் இது. 1990களில் விலை குறைந்து, கால்நடைகளுக்கும் பரவலாகச் செலுத்தப்பட்டது. நடக்கமுடியாத மாட்டுக்கும், மடிவீக்கத்தால் துடிக்கும் பசுவுக்கும் அது ஆறுதல் அளித்தது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் அந்த மாடு இறந்துபோனால், அதன் உடலில் மருந்து எஞ்சியிருக்கும். அதனை உண்ட பாறு இரண்டொரு நாளில் இறக்கும். ஒரு சடலத்தை ஒரே நேரத்தில் பல பறவைகள் உண்பதால், நூற்றில் ஒரு சடலத்திற்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இனம் முழுதும் அழியப் போதுமானது என ஆய்வாளர் கணக்கிட்டனர்.

இதில் குற்றவாளி என்று சுட்டத்தக்கவர் எவரும் இலர். மருந்தைக் கண்டறிந்தவர் நன்மையையே நாடினார். மாட்டுக்கு ஊசி போட்டவர் இரக்கத்தால் போட்டார். அதற்குப் பொருள் கொடுத்தவர் புண்ணியம் என்றெண்ணிக் கொடுத்தார். எவர் நெஞ்சிலும் கொல்லும் எண்ணம் இல்லை. ஆயினும் கோடிக்கணக்கான உயிர்கள் மடிந்தன. தீய எண்ணமின்றியும், கருதாமையால் தீங்கு நேரும் என்பதனால்தான் சமண அறநூல்கள் பிரமாதம் எனப்படும் அசட்டையைத் தனியே சுட்டி எச்சரித்தன. நடக்கும்போது நிலம் நோக்கி நடப்பதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், இரவு உணவைத் தவிர்ப்பதும் கண்ணுக்குத் தெரியாத உயிரையும் கருதும் பயிற்சிகள். பாறுகளின் அழிவு, அப்பயிற்சியை மருந்துப் புட்டிவரை நீட்டவேண்டியதன் தேவையைக் காட்டியது.

இழப்பு பறவைகளோடு நிற்கவில்லை. உண்ணப்படாத சடலங்களால் தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுற்றன. பாறுகள் மறைந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரையில் இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என, பொருளியல் ஆய்வாளர்களான இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டுள்ளனர்.

சட்டமும் சென்னையும்

2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை நிறுத்த இந்திய அரசு ஆணையிட்டது. 2008இல் அரசிதழ் அறிவிக்கையும் வந்தது. ஆயினும் ஒரு வழி திறந்தே இருந்தது. மனிதருக்கென 30 மில்லிலிட்டர் அளவுள்ள பெரிய புட்டிகளில் அம்மருந்து விற்கப்பட்டது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர் போதும். பெரிய புட்டி மாட்டுக்கே பொருந்தும். 2015 ஜூலையில் நடுவணரசு, ஊசி மருந்தை 3 மில்லிலிட்டர் அளவில் ஒருவேளைப் புட்டியாக மட்டுமே விற்கவேண்டும் என விதித்தது. இதனை எதிர்த்து மருந்து உற்பத்தியாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2017 அக்டோபரில் நீதிமன்றம் அரசின் தடையை உறுதிசெய்தது. நாடெங்கும் உள்ள பாறுகளின் பிழைப்பைப் பாதித்த வழக்கு, சென்னையில் அவ்வாறு முடிவுற்றது.

தமிழ்நாட்டில் மருந்து விற்பனையைக் கண்காணிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம், தியாகராய நகரை அடுத்த தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ளது. காட்டில் வாழும் பறவையின் பாதுகாப்பு, வனத்துறையின் கையில் மட்டும் இல்லை. மருந்துக் கடையை ஆய்வுசெய்யும் அலுவலர் கையிலும் இருக்கிறது.

டைக்ளோஃபினாக்கின் இடத்தைப் பிடித்த வேறு சில மருந்துகளும் பாறுகளுக்கு நஞ்சே எனப் பின்னர் தெரியவந்தது. கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகிய இரண்டும் கால்நடைகளுக்குப் பயன்படுவதை 2023இல் நடுவணரசு தடைசெய்தது. மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம் ஆகியவை பாறுகளுக்குத் தீங்கற்றவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பசுவின் வலியைத் தீர்ப்பதா, பறவையின் உயிரைக் காப்பதா என்ற இக்கட்டு இன்று இல்லை. இரண்டையும் செய்யலாம், மருந்தின் பெயரை மட்டும் அறிந்திருக்க வேண்டும்.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில்

தமிழ்நாட்டில் பாறுகளின் கடைசிப் பெரும் புகலிடம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கு ஆற்றங்கரையில் ஓங்கி வளர்ந்த நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. காட்டு விலங்குகளின் உடலே பெரும்பாலும் உணவாகக் கிடைப்பதால் அவை மருந்தின் கொடுமைக்குப் பெரிதும் தப்பின. எனினும் காட்டோர ஊர்களில் இறக்கும் மாடுகள் வழியாக ஆபத்து நீடிக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருளகம் அமைப்பும் அதன் நிறுவனர் சு. பாரதிதாசனும் பல்லாண்டுகளாக அவ்வூர்களில் உழவரையும் கால்நடை மருத்துவரையும் மருந்துக் கடைக்காரரையும் சந்தித்து இதனை எடுத்துச் சொல்லிவருகின்றனர்.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பாறுகளைக் காக்க மாநில அளவிலான குழு ஒன்றை அமைத்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒரே நாட்களில் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அதே ஆண்டு டிசம்பரில் 320 பாறுகளும் காணப்பட்டன. கணக்கெடுத்த இடங்கள் கூடினாலும் எண்ணிக்கை உயரும் என்பதால், இதனை இனப்பெருக்கம் என்று முழுமையாகக் கொள்ள இயலாது. ஆனாலும் அழிவு முற்றிலும் நேரவில்லை என்பதற்கு அது சான்று. வடக்கே ஹரியாணாவின் பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில வனத்துறையும் பாறுகளைப் பேணி வளர்க்கும் நிலையத்திற்கு ஜடாயுவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இல்லறத்தார் செய்யத்தக்கது

சென்னையில் வாழும் சமணக் குடும்பங்கள் பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் பருவ விரத நிறைவிலும் பசுமடங்களுக்குக் கொடையளிப்பது வழக்கம். தீவனத்திற்கும் கொட்டகைக்கும் கொடுப்பதோடு, மருத்துவச் செலவையும் பலர் ஏற்கின்றனர். அத்தகைய கொடையோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: இங்கு மாடுகளுக்கு வலி நீக்கச் செலுத்தும் மருந்து யாது? மெலாக்சிகாம் எனின் அச்சமில்லை. வேறு பெயர் எனின், கால்நடை மருத்துவரோடு கலந்து மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். தீங்கு செய்யும் மருந்து செலுத்தப்பட்டபின் இறந்த மாட்டின் உடலை வெளியில் இடாமல் ஆழப் புதைக்கச் செய்யலாம். மருந்து வணிகத்தில் உள்ளோர், தடைசெய்யப்பட்டவற்றைத் தம் கடையில் இருத்தாமலும், மனிதருக்கான மருந்தை மாட்டுக்கென்று கேட்போருக்கு விற்காமலும் இருப்பது அவர்கள் தொழிலிலேயே ஆற்றும் விரதம் ஆகும்.

பாறு ஏறத்தாழக் குரலற்ற பறவை. சீறலும் முனகலும் அன்றிப் பாடவோ அலறவோ அதற்கு இயலாது. அன்று அடைபட்டிருந்த விலங்குகள் கதறின. நேமிநாதர் கேட்டுத் தேரைத் திருப்பினார். மரக்கிளையில் கழுத்து தொங்க அமர்ந்திருந்த பாறுகளிடமிருந்து அத்தகைய கதறல் எழவில்லை. எண்ணிக்கை குறைந்த பிறகே உலகம் அறிந்தது. கிரிநாருக்கு அடுத்த முறை யாத்திரை செல்வோர், படியேறும் களைப்பில் சற்று நிற்கும்போது எதிரே உள்ள பாறை முகட்டை நோக்கினால், அகன்ற சிறகு விரித்து வட்டமிடும் அப்பறவையைக் காணக்கூடும். அந்த மலையிலாயினும், மோயாற்றங்கரையிலாயினும், அடுத்த தலைமுறையும் அதைக் காணவேண்டுமாயின், இங்கே நகரத்தில் கொடையளிக்கும் கை, எந்த மருந்துக்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும்.